வலது பக்கத்து டிவி

எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும் என்று எங்கள் சர்ச் பங்கில் எல்லோரும் சொல்வார்கள். சொல்லட்டும். ஆனால் ஜெனியின் அம்மாவை அடக்கம் செய்த அன்று எனக்கு வந்த கோபத்தை யாரும் தப்புச் சொல்லக் கூடாது. அன்றைக்குக் கோபப்படாமல் நின்றவர்களைத்தான் நான் தப்புச் சொல்வேன்.

என் பெயர் ஃபெமினா. மூஞ்சிக்கல்லில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். மலையைச் சுற்றிப் பார்க்கக் காரில் வருகிறவர்களுக்கு இ-பாஸ் எடுத்துக் கொடுப்பது, ஆதார் பிரிண்ட், பாஸ்போர்ட் போட்டோ என்று பொழுது ஓடும். கம்ப்யூட்டர் தெரியும் என்ற ஒரே பாவத்துக்காகக் கோயிலில் பாட்டு வரிகளை டிவியில் ஓட்டும் வேலை என் தலையில் விழுந்தது. கல்யாணம், சாவு என்றால் வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு வீடியோவில் காட்டுவதும் நான்தான். சம்பளம் கிடையாது. ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்று செயலாளர் சொல்லியிருக்கிறார்.

செயலாளர் என்றால் பங்குப் பேரவைச் செயலாளர் ஜெபக்குமார். ஏரிப் பக்கம் லாட்ஜும் சாக்லேட் கடையும் வைத்திருப்பவர். கோயிலில் ஒரு மெழுகுவர்த்தி அணைந்தால்கூட அவரைக் கேட்டுத்தான் அணைய வேண்டும்.

முதலில் கோயிலில் ஒரு டிவிதான் இருந்தது. இடது பக்கத் தூணில், பெண்கள் உட்காரும் பக்கம். நான் பின்னால், பாடகர் குழு நிற்கிற மேல்மாடத்தில், கோயில் லேப்டாப்போடு உட்கார்ந்திருப்பேன். ஒரு வயர், ஒரு டிவி, ஒரு தொல்லையும் கிடையாது. போன ஈஸ்டருக்கு ஜெபக்குமார் அண்ணன் தன் அப்பா அருளப்பன் நினைவாக வலது பக்கத் தூணில், ஆண்கள் பக்கம், இன்னொரு டிவியை வாங்கி மாட்டினார். பழையதைவிட ரொம்பப் பெரியது. அதற்குக் கீழே ஒரு பித்தளைப் பலகை. அதில் அப்பா பெயர் சின்ன எழுத்திலும் வாங்கிக் கொடுத்தவர் பெயர் பெரிய எழுத்திலும் இருக்கும்.

அன்றைக்குப் பிடித்தது எனக்குச் சனி. லேப்டாப்பில் விரலால் தடவுகிற டச்பேட் இருக்கிறதே, அது உள்ளங்கை அகலம்தான். அதில் தடவித்தான் அம்புக்குறியை மூன்று திரைக்கும் ஓட்ட வேண்டும். லேப்டாப், இடது டிவி, வலது டிவி. அம்பு அந்தக் கோடிக்குப் போய்ச் சேர விரலை எடுத்து எடுத்து வைத்துத் தள்ள வேண்டும். எடுத்து வைக்கும்போது லேசாகத் தட்டுப்பட்டால் போச்சு, கிளிக் என்று எடுத்துக்கொள்ளும். இரண்டு டிவியும் ஒரே அளவில்லை என்பதால், ஒரு திரையிலிருந்து இன்னொன்றுக்குத் தாண்டும் ஓரத்தில் அம்பு சில இடங்களில் முட்டிக்கொண்டு நிற்கும். மழைக்காலத்தில் மேல்மாடத்துக்குள்ளேயே மேகம் வந்து உட்கார்ந்துவிட்டுப் போகும். விரலும் ஈரம், டச்பேடும் ஈரம். அப்போதெல்லாம் நான் தொடாமலேயே அம்பு நடுங்கும்.

என் கடை மௌஸைக் கொண்டுபோகலாம் என்றால் செருக இடமில்லை. லேப்டாப்பில் இருந்த இரண்டு யுஎஸ்பி துளைகளில் ஒன்றைப் புது டிவியின் அடாப்டர் பிடித்துக்கொண்டது, இன்னொன்றை சவுண்ட் செட் பிடித்துக்கொண்டது. நாலைந்து துளை உள்ள ஒரு சின்னப் பெட்டியும் ஒரு மௌஸும் வாங்கித் தாருங்கள் என்று பேரவைக் கூட்டத்திலேயே கேட்டேன்.

“ஏம்மா ஃபெமினா, லேப்டாப்புலயே தடவுறதுக்கு இருக்குல்ல? அப்புறம் எதுக்கு மௌஸு?” என்றார் ஜெபக்குமார் அண்ணன்.

“மூணு ஸ்கிரீனுக்கு அது பத்தாதுண்ணே. அம்பு எங்க போச்சுன்னே தெரிய மாட்டேங்குது.”

“ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்.”

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். யானை வாங்கினவர் அங்குசத்துக்கு யோசிக்கிறார் என்று நான் சொன்னபோது ஒருத்தரும் சிரிக்கவில்லை. ஃபாதர் ஆக்னல் மட்டும் அடுத்த விஷயத்துக்குப் போகலாம் என்றார். அவர் நல்ல மனுஷர், ஆனால் கூட்டத்தில் அவர் எப்போதும் அடுத்த விஷயத்துக்குத்தான் போவார்.

இது நடந்து கொஞ்ச நாளில் தேவகுமாரி அத்தை இறந்துபோனார். ஜெனியின் அம்மா. ஜெனியும் நானும் ஒன்றாம் வகுப்பிலிருந்தே ஒரே பெஞ்ச். லாட்ஜுகளுக்குப் போர்வை துவைத்துக் கொடுத்துத்தான் அத்தை அவளை நர்சிங் படிக்க வைத்தார். ஜெனி இப்போது அயர்லாந்தில் நர்ஸ். ஒரே மகள், அப்பா இல்லை. அம்மா போன சேதி வந்தபோது அவள் நிறைமாதத்தை நெருங்கியிருந்தாள். விமானத்தில் ஏற்ற மாட்டோம் என்று கைவிரித்துவிட்டார்கள்.

“பூசையெல்லாம் எனக்குக் காட்ட வேணாம் ஃபெமி,” என்று போனில் சொன்னாள். “மூடுறதுக்கு முன்னாடி அம்மா முகத்தை மட்டும் காட்டிரு. கிட்டத்துல காட்டு.”

“நான் இருக்கேன்ல, நீ அழாத,” என்றேன். வாக்குக் கொடுத்துவிட்டேன்.

மற்ற ஊர்களில் கல்லறைத் தோட்டத்தில், குழிக்குப் பக்கத்தில் வைத்துக் கடைசியாக முகம் பார்ப்பார்கள். எங்கள் கல்லறைத் தோட்டம் கோயிலுக்குக் கீழே செங்குத்தான சரிவில் இருக்கிறது. மழைக்குப் பாதை வழுக்கும், திறந்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்க முடியாது. அதனால் எங்கள் பங்கில் பூசை முடிந்ததும் கோயிலுக்குள்ளேயே முகம் பார்த்து, மகள் கையால் முகத்தில் துணி போட்டு, மூடியைத் திருகிவிடுவோம். திருகினால் திருகியதுதான். மூடின பெட்டியைத் திறந்தால் அதே வீட்டில் இன்னொரு உயிர் போகும் என்று எங்கள் ஆட்களுக்குப் பயம். ஃபாதர் எத்தனை பிரசங்கம் வைத்தும் அந்தப் பயம் போகவில்லை. தேவகுமாரி அத்தை வீட்டில் மிச்சம் இருந்தது ஜெனியும் அவள் வயிற்றில் இருந்த பிள்ளையும்தான். மூடிவிட்டால் நான் காலில் விழுந்தாலும் யாரும் திறக்க மாட்டார்கள்.

அடக்கத்தன்று வெள்ளனே போய் எல்லாவற்றையும் சரிசெய்தேன். இடது டிவியில் கேமரா படம். அந்த டிவியில் என்ன தெரிகிறதோ அதுதான் அப்படியே ஜெனிக்கும் போகும். வலது டிவியில் ஜெனியின் முகம், சொந்தக்காரர்கள் பார்ப்பதற்கு. பூசை முடிகிறவரை மேல்மாடத்துக் கேமரா தூரத்திலிருந்து காட்டும். முகம் பார்க்கும் நேரம் வந்ததும் என் போனை ஸ்டாண்டில் மாட்டிப் பெட்டியின் தலைமாட்டில் வைத்துவிட்டு, மேலே வந்து போனின் படத்துக்கு மாற்ற வேண்டும். ஒரே ஒரு கிளிக். கல் கட்டடம் என்பதால் கோயிலுக்குள் யார் போனுக்கும் சிக்னல் கிடையாது. மேல்மாடத்துக்கு வருகிற இணைய இணைப்பும் அதிலிருந்து கிடைக்கும் வைஃபையும்தான் கதி. இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன், ஒழுங்காக வந்தது.

அப்போது ஜெபக்குமார் அண்ணன் ஒரு பென்டிரைவோடு மேலே ஏறி வந்தார்.

“பூசைக்கு முன்னாடியும் பின்னாடியும் இதை நம்ம டிவில போடும்மா.”

பார்த்தேன். ரோஜாப்பூ பார்டர் போட்ட ஒரு படம். நடுவில் அவர் அப்பா அருளப்பன் போட்டோ, பிறப்பு, இறப்பு, இந்தத் தொலைக்காட்சி அன்னாரின் நினைவாக என்று கொட்டை எழுத்தில்.

“சாவுக்கு எதுக்குண்ணே இது?”

“வத்தலக்குண்டு, திண்டுக்கல்னு வெளியூர்லருந்து ஆளுக வாராங்கள்ல. பார்க்கட்டும். பூசை ஆரம்பிச்சதும் சுருக்கி வச்சுக்க, மூடிராத. திரும்பப் போடணும்.”

ஊர்ச் சாவில் உன் அப்பாவுக்கு என்ன விளம்பரம் என்று நாக்கு நுனிவரை வந்தது. கீழே பெட்டி வந்து இறங்கிக்கொண்டிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு போட்டேன், மணி அடித்ததும் சுருக்கினேன்.

பூசை நல்லபடியாக நடந்தது. வலது டிவியில் ஜெனி ஒரு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பூசைக்கு இடைஞ்சலாக இருக்க வேண்டாம் என்று அவள் குரலை நிறுத்தி வைத்திருந்தேன். நன்மை அப்பம் கொடுத்து முடிந்ததும் நான் போனையும் ஸ்டாண்டையும் எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். பெட்டியின் தலைமாட்டில் ஸ்டாண்டை நிறுத்தி, அத்தை முகம் முழுதாகத் தெரிகிற மாதிரி போனைச் சாய்த்தேன். ஃபாதர் தீர்த்தம் தெளித்து, சாம்பிராணி காட்டி, “முகம் பார்க்கிறவங்க வரிசையா வாங்க,” என்றார். நான் ஓடிப் போய் மரப்படி ஏறினேன்.

மேலே என் மேசைக்குப் பக்கத்தில் சவுண்ட் செட்டுக்கார செல்லப்பாண்டி குனிந்துகொண்டிருந்தான். அவன் கையில் வயர்.

“என்ன பண்ற நீ?”

“செயலாளருதான் மாத்தச் சொன்னாரு. எறந்த அந்தம்மா முகம் பெரிய டிவிலதான் வரணுமாம். ரெண்டு வயரையும் மாத்திக் குத்திட்டேன். அம்புட்டுத்தான்.”

அம்புட்டுத்தானாம். குழாயை மாற்றினால் தண்ணீர் மாறி வரும் என்கிற கணக்கு. வயரைப் பிடுங்கிச் செருகியதில் லேப்டாப் திகைத்துப்போய் எல்லாவற்றையும் கலைத்துப் போட்டிருந்தது. சுருக்கி வைத்திருந்த அருளப்பன் தாத்தா விரிந்து, கேமரா படத்துக்கு மேலே ரோஜாப்பூ பார்டரோடு முழுசாகப் படுத்துவிட்டார். பெரிய டிவி நிறைய அவர்தான். அயர்லாந்துக்கும் அவர்தான் போய்க்கொண்டிருந்தார்.

ஜெனியின் முகம் இப்போது இடது டிவியில் இருந்தது. அவள் நாற்காலியை விட்டு எழுந்து போனுக்குக் கிட்டே வந்திருந்தாள். வாய் அசைந்தது. குரல் வராவிட்டாலும் எனக்குப் புரிந்தது. தெரியல, ஃபெமி, தெரியல.

அருளப்பனை நகர்த்த வேண்டும். அவ்வளவுதான் வேலை. டச்பேடில் விரலை வைத்து வலது பக்கம் தள்ளினேன். அம்பு லேப்டாப் திரையைத் தாண்டிக் காணாமல் போனது. பெரிய டிவியைப் பார்த்தேன், அங்கே இல்லை. இடது டிவியில் ஜெனியின் கன்னத்தின் மேல் நின்றுகொண்டிருந்தது. வயர் மாறியது லேப்டாப்புக்குத் தெரியாதே. அதற்கு வலது இன்னும் பழைய வலதுதான். சரி என்று இடது பக்கம் தள்ளினேன். விரலை எடுத்து வைத்தபோது தட்டுப்பட்டு ஏதோ கிளிக் ஆகி, பாட்டுப் பட்டியல் திறந்துகொண்டது. எஸ்கேப் பட்டனைத் தட்டினேன். பாட்டுப் பட்டியல் மூடியது, அருளப்பன் அசையவில்லை. மறுபடியும் தள்ளினேன். அம்பு ஓரத்தில் முட்டிக்கொண்டு நின்றது. விரலில் ஈரம். துப்பட்டாவில் துடைத்துவிட்டு வைத்தால் அம்பு தானாக நடுங்கி மேலே ஓடியது.

“ஏலே, பழையபடி மாத்துலே!” என்று செல்லப்பாண்டியிடம் கத்தினேன்.

“செயலாளருட்ட ஒரு வார்த்தை...”

கீழே பார்த்தேன். வரிசை கரைந்துகொண்டிருந்தது. வெளியே மழை வலுப்பதால் எல்லோருக்கும் அவசரம். பெட்டிக்கடை அழகுமலை அண்ணன், பெட்டி என்றால் சவப்பெட்டி, மூடியைத் தூக்கிச் சாய்த்து வைத்துக்கொண்டு திருப்புளியோடு தயாராக நின்றார். ஜெபக்குமார் அண்ணன் வலது டிவியை அண்ணாந்து பார்த்தார். தன் அப்பா முகத்தைப் பார்த்ததும் தலையை ஆட்டிக்கொண்டார். அப்புறம் மேலே என்னைப் பார்த்து, இருக்கட்டும், இருக்கட்டும் என்று கையைக் காட்டினார். அந்தக் கையை நான் சாகிறவரை மறக்க மாட்டேன்.

இடது டிவியில் ஜெனி திரையைத் தட்டிக்கொண்டிருந்தாள். கோயிலில் இத்தனை பேர் அதைப் பார்த்தார்கள். அம்மாவை நினைத்து அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டு அவர்களும் அழுதார்கள்.

வேறு யார் போனிலாவது கூப்பிடலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். என் போன் பெட்டிக்குப் பக்கத்தில் கேமராவாக நிற்கிறது. இன்னொருவர் போனில் வைஃபை போட்டு, ஜெனி நம்பர் சொல்லி, அவள் எடுப்பதற்குள் எல்லாத் திருகும் ஏறிவிடும்.

அழகுமலை அண்ணன் மூடியைத் தூக்கினார்.

“மூடாதீங்க!” என்று கத்தினேன். கோயில் முழுக்க எதிரொலித்தது. “அழகுமலை அண்ணே, மூடுனா பாத்துக்கங்க!”

எல்லாத் தலையும் திரும்பியது. நான் லேப்டாப்பில் இருந்த வயர் எல்லாவற்றையும் ஒரே பிடியாகப் பிடித்து இழுத்தேன். டிவி வயர், அடாப்டர், சவுண்ட் செட், சார்ஜர், எல்லாம். கீழே இரண்டு டிவியும் கறுப்பாயின. மூன்று திரையிலும் சிதறிக் கிடந்தவையெல்லாம் பொலபொலவென்று லேப்டாப்புக்குள் வந்து விழுந்தன. அம்பு நடுவில் வந்து நல்ல பிள்ளையாக நின்றது. ஒரு தட்டில் அருளப்பன் மூடிக்கொண்டார். டிவி போனதும் நான் அனுப்பிக்கொண்டிருந்த படமும் அறுந்தது, வைஃபையில் ஓடிய அழைப்பு மட்டும் அறாமல் இருந்தது. ஜெனிக்கு இப்போது லேப்டாப் கேமராவில் என் மூஞ்சிதான் தெரிந்திருக்கும். அவள் குரலைத் திறந்துவிட்டேன்.

“மூடிட்டாங்களா ஃபெமி? மூடிட்டாங்களா?”

“எவன் மூடுவான்? வாரேன் இரு.”

லேப்டாப்பை விரித்தபடியே தூக்கிக்கொண்டு மரப்படியில் தடதடவென்று இறங்கினேன். நடுப்பாதையில் நான் ஓட ஓட ஆட்கள் ஒதுங்கினார்கள். ஜெபக்குமார் அண்ணன் குறுக்கே வந்தார்.

“என்னம்மா இது, கோயில்ல கத்திக்கிட்டு? டிவி ஆஃப் ஆயிருச்சு, பாரு.”

“தள்ளுங்கண்ணே,” என்றேன். தள்ளிக்கொண்டுதான் போனேன்.

பெட்டிக்கு மேலே லேப்டாப்பைத் தூக்கிப் பிடித்தேன். திரை அத்தையைப் பார்த்தபடி இருந்தது. எனக்குத் தெரிந்தது அதன் முதுகு மட்டும்தான். இரண்டு முகமும் நேருக்கு நேர் இருந்தன. வைஃபை அறுந்துவிடுமோ என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“தெரியுதா?”

“தெரியுது,” என்றாள் ஜெனி.

சவுண்ட் செட் இல்லாததால் அவள் குரல் சன்னமாக வந்தது. அதைக் கேட்பதற்காகக் கோயில் அடங்கியது. 

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தோம். அவள் திட்டினாள்.

“ஏம்மா, மூச்சு வாங்குதுன்னு ஒரு வார்த்தை சொன்னியா நீ? நல்லாருக்கேன் நல்லாருக்கேன்னு தெனமும் பொய் சொல்லிருக்க. நான் நர்சும்மா. இங்க ஊரான் ஆத்தாளுக்கெல்லாம் மூச்சைக் கவனிச்சுக்கிட்டுக் கெடக்கேன். எங்க ஆத்தா மூச்சு எனக்குத் தெரியல. சொல்லிருந்தா அப்பவே ஓடி வந்துருப்பேன்ல? ஏன் சொல்லல? சொல்லும்மா!”

பெண்கள் பக்கம் யாரோ வாய்விட்டு அழத் தொடங்கினார்கள். நான் லேப்டாப்பை இறக்கவில்லை. அவள் திட்டி முடிக்கும்வரை ஃபாதரும் அடுத்த விஷயத்துக்குப் போகவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, “துணியைப் போடு ஃபெமி. எனக்குப் பதிலா நீ போடு,” என்றாள்.

எனக்குக் கை வேண்டுமே. பக்கத்தில் பார்த்தேன். ஜெபக்குமார் அண்ணன் டிவி விஷயத்தைப் பேசி முடிக்க என் பின்னாலேயே வந்து நின்றார்.

“பிடிங்க,” என்று லேப்டாப்பை அவர் கையில் வைத்தேன். அவரால் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார்.

“கீழ இறக்குங்க,” என்றது ஜெனியின் குரல். “எனக்குச் செவருதான் தெரியுது. அம்மா தெரியல. இன்னும் கீழ.”

அவர் குனிந்தார். போதவில்லை. பட்டு வேட்டியோடு பெட்டிக்குப் பக்கத்தில் முழங்கால் போட்டார். நான் வெள்ளைத் துணியை விரித்து அத்தையின் நெற்றியிலிருந்து கீழே இழுத்து விட்டேன். “போதும்,” என்றாள் ஜெனி. அழகுமலை அண்ணன் என்னைப் பார்த்தார், நான் தலையாட்டினேன். மூடி இறங்கியது, திருகுகள் ஏறின.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் வாசலுக்கு நகர்ந்தார்கள். ஜெபக்குமார் அண்ணன் முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்து லேப்டாப்பை என்னிடம் நீட்டினார். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். ஆனால் வாயைத் திறந்தவர் கேட்டது இதைத்தான்.

“அப்பிடி வயரைப் பிடுங்குனியே, டிவிக்கு ஒண்ணும் ஆயிருக்காதுல்ல?”

இருந்த கோபத்துக்கு என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது. அதற்குள் லேப்டாப்பிலிருந்து பதில் வந்தது. அழைப்பு இன்னும் அறவில்லை என்பதை நாங்கள் இரண்டு பேருமே மறந்திருந்தோம்.

“ஜெபக்குமார் அண்ணனா பேசுறது? உங்கப்பா பேரு, பொறந்த தேதி, செத்த தேதி எல்லாம் எனக்கு மனப்பாடமாயிருச்சுண்ணே. அம்புட்டு நேரம் பாத்துட்டேன். எங்கம்மாவை அதுல பாதி நேரங்கூடப் பாக்கல.”

அவர் குடையை எடுக்காமல் மழைக்குள் இறங்கிப் போனார். கல்லறைக்கு நானும் போயிருக்க வேண்டும். போகவில்லை. லேப்டாப்பைப் பெஞ்சில் வைத்துப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். அடக்கம் முடிந்து ஆட்கள் திரும்பி வரும்வரை ஜெனியும் அழைப்பை வெட்டவில்லை, நானும் வெட்டவில்லை.